கொழுத்த கிடாய் விற்பனையும் இறைச்சி விலையும்: யாழ்ப்பாணத்தில் ஆடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு வளவில் ஐந்து, பத்து ஆடு வளர்ப்பவர்கள் பலருக்குக் கிடாயைக் கொழுக்க வைக்கத் தெரிந்த அளவுக்கு விற்கத் தெரிவதில்லை. படலைக்கு வரும் வியாபாரிக்கு இரண்டு விடயம் தெரியும். ஒன்று, ஆட்டின் நிறை. மற்றது, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு இறைச்சி போகும் என்பது. இந்த இரண்டையும் வளர்ப்பவரும் அறிந்து வைத்திருந்தால் பேரம் சமமாக நடக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இரண்டையும் சுற்றியவை. உதாரணங்களில் வரும் ரூபாக் கணக்குகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊரின் இன்றைய விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிடாய் விற்கத் தயாராகிவிட்டது என்று எப்படி அறிவது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். மயிர் அடர்ந்த ஆடு மெலிந்திருந்தாலும் தெரியாது. வயிறு பெருத்த ஆடு கொழுத்ததுபோலத் தோன்றும், ஆனால் அது குழையும் தண்ணீரும்தான்.

மூன்று இடங்களில் கையை வையுங்கள். முதலில் முதுகெலும்பு, கடைசி விலா எலும்புக்குப் பின்னால். எலும்பின் முனை கத்திபோலக் கையில் குத்தினால் இன்னும் இரண்டு மாதம் தீனி வேண்டும். முனை தட்டுப்பட்டும் இரண்டு பக்கமும் தசை நிரம்பியிருந்தால் தயார். இரண்டாவது விலாப்பக்கம். இலேசாக அழுத்தும்போது எலும்புகளை எண்ண முடிய வேண்டும், அழுத்தாமல் வெளியே தெரியக் கூடாது. மூன்றாவது முன்னங்கால்களுக்கு இடையிலுள்ள மார்பெலும்பு. அதன்மேல் விரலால் பிடிக்கக்கூடிய அளவு கொழுப்பு அசைய வேண்டும்.

அதற்கு மேலும் கொழுக்க வைப்பது காசை வீணாக்கும். ஆடு முதலில் வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும்தான் கொழுப்பைச் சேர்க்கும். அந்தக் கொழுப்பை இறைச்சி விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நாட்டுக் கிடாய் 25 கிலோவைத் தாண்டி நல்ல தசை போட்டதும் விற்பதே மேல். சமுனாபாரி அல்லது போயர் இனக் கலப்பு என்றால் எலும்புச் சட்டம் பெரிது, 35, 40 கிலோ வரை தசை போட இடமிருக்கும்.

தராசு இல்லை. நிறையை எப்படிக் கணிப்பது?

தையற்காரரின் அளவு நாடா போதும். ஆட்டைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். நாடா உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. பிறகு தோள்முனையிலிருந்து வாலடிக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளத்தை அளவுங்கள். நெஞ்சுச் சுற்றை நெஞ்சுச் சுற்றாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 10,800 ஆல் வகுத்தால் கிலோ வரும். அளவுகள் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும்.

நெஞ்சுச் சுற்று 72, நீளம் 64 என்றால் 72 × 72 × 64 = 331,776. அதை 10,800 ஆல் வகுக்க 30.7 கிலோ. பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். பெரும்பாலும் பிழை நெஞ்சுச் சுற்றில்தான் வரும், ஏனென்றால் அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. ஆடு தலையைக் குனிந்தால் சுற்று மாறிவிடும். ஆகவே மூன்று தடவை அளந்து நடு அளவை எடுங்கள்.

ஆனாலும் நான்கைந்து கிடாய் வைத்திருப்பவருக்குத் தொங்குதராசு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் இரண்டு கிலோ தவறவிடுவதைவிடத் தராசின் விலை குறைவு. அயலில் மூன்று, நான்கு வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். மாமரக் கிளையிலோ கொட்டில் வளையிலோ தொங்கவிட்டு, உரப்பையில் நான்கு கால் துளை வெட்டி, அதில் ஆட்டைத் தூக்குங்கள். பையின் நிறையைக் கழிக்க மறக்க வேண்டாம். தராசு சரியா என்று பார்க்க 20 லீற்றர் தண்ணீர்க் கான் போதும்: தண்ணீர் மட்டும் 20 கிலோ, கானை வெறுமையாகத் தனியே நிறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறுக்கும் நேரம் முக்கியம். காலையில், தீனியும் தண்ணீரும் வைக்க முன்னர் நிறுங்கள். மாலையில் மேய்ந்து வந்த ஆடு இரண்டு கிலோ கூடக் காட்டும். அந்த இரண்டு கிலோவை நம்பி விலை பேசினால், வியாபாரி அதை முன்கூட்டியே கழித்துத்தான் கேட்பார்.

வியாபாரிகள் எல்லோரும் "மதிப்பு" விலைதான் சொல்கிறார்கள். நிறைக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அதைவிடப் பயனுள்ளது, அவர் வருவதற்கு முன்னரே நிறை உங்களுக்குத் தெரிந்திருப்பது. மதிப்பு விலை என்பது வியாபாரியின் மனதுக்குள் நடக்கும் நிறைக் கணக்குத்தான். ஆயிரக்கணக்கான ஆடுகளைத் தூக்கிப் பழகிய கை, இடுப்பைப் பிடித்து அசைத்தே ஒரு கிலோவுக்குள் சொல்லிவிடும். உங்களிடம் சொல்லும் நிறை அதுவாக இருக்காது.

"அண்ணை, இது இருவத்தஞ்சுக்கு மேல போகாது" என்று அவர் சொல்லும்போது, "காலமை வெறுவயித்தில 30 கிலோ நிண்டது. தராசு அங்க தொங்குது, பாருங்கோ" என்று சொல்ல முடிந்தால் பேச்சே வேறு திசையில் போகும். அதற்குப் பிறகு அவர் மொத்தத் தொகையாகவே பேசட்டும். அதை நீங்கள் நிறையால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இறைச்சி விலையிலிருந்து உயிர் நிறை விலையை எப்படிக் கணக்கிடுவது?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஒரு கிடாயை வெட்டி, தோல், தலை, கால், குடல் நீக்கினால் உயிர் நிறையில் 40 முதல் 50 வீதம் எலும்போடு கூடிய இறைச்சியாக நிற்கும். மெலிந்த, வயிறு பெருத்த ஆடு 40க்குப் பக்கத்தில். தசை போட்ட, இரவு பட்டினி போட்ட கிடாய் 48க்குப் பக்கத்தில். கணக்குக்கு 45 என்று வையுங்கள்.

30 கிலோக் கிடாயில் 13.5 கிலோ இறைச்சி. கடையில் கிலோ 3,000 ரூபா என்று வைத்தால் 40,500. தலை, கால், குடல், இரத்தம் ஆகியவற்றுக்கு 3,500. மொத்தம் 44,000 ரூபா கடைக்காரரின் கைக்கு வரும். அதிலிருந்து வெட்டுக்கூலி, ஏற்றிறக்கம், கடைவாடகை, சபைக் கட்டணம், தராசில் போகும் சிந்தல் என்று 6,000 கழியும். வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் இலாபமாக 4,000 வையுங்கள். அவர்களும் உழைக்கிறார்கள், அதைத் தராவிட்டால் அடுத்த தடவை வரமாட்டார்கள். மிச்சம் 34,000. முப்பதால் வகுத்தால் உயிர் நிறைக் கிலோ ஏறத்தாழ 1,130 ரூபா.

அதாவது இறைச்சி விலையில் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் உயிர் நிறைக்கு 38 ரூபா அளவில் வருகிறது. இந்த வீதத்தை உங்கள் ஊருக்குக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். இறைச்சி விலை 3,000இலிருந்து 3,300 ஆனால், வீதம் மாறாதவரை உயிர் விலை 1,250ஐத் தொட வேண்டும். வியாபாரி இன்னும் பழைய 1,130ஐயே சொல்கிறார் என்றால், ஏறிய 300 ரூபா முழுவதும் உங்களைத் தாண்டிப் போகிறது. அப்போது இன்னொருவரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

மதிப்பு விலையில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இறைச்சி விலையை அப்படியே உயிர் நிறையோடு பெருக்கி அதிகமாக எதிர்பார்த்து, பிறகு வியாபாரி சொன்ன தொகையில் மனமுடைந்து விட்டுக்கொடுப்பவர்கள். இரண்டுமே கணக்குத் தெரியாததால் வருவது.

யாழ்ப்பாணத்தில் விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும்?

இங்கே இறைச்சியின் தேவை நாட்காட்டியோடு நடக்கிறது. முதலில் கிழமை. சைவ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. ஞாயிறுதான் இறைச்சி நாள். கடைக்காரர் வியாழன் முதல் சனி காலை வரை ஆடு தேடுவார். திங்கட்கிழமை நீங்களாகக் கூப்பிட்டால், ஆறு நாள் தீனி போடும் செலவையும் சேர்த்துக் கழித்துத்தான் விலை சொல்வார். போயா நாட்களில் கொல்களங்களும் இறைச்சிக் கடைகளும் மூடப்படும். போயா ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்தக் கிழமை வியாபாரமே பாதி. விற்பதற்கு முதல் நாட்காட்டியில் அதைப் பாருங்கள்.

அடுத்து ஆண்டு. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை குடாநாட்டில் பெருந்தொகையானோர் மச்சம் தொடுவதில்லை. 2025 இல் யூலை 29 கொடியேறியது. ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறும். அந்த நாட்களில் கடைகளின் விலைப்பலகை பெரிதாக இறங்காது என்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் விலையைக் குறைப்பதற்குப் பதில் வெட்டும் ஆடுகளைக் குறைப்பார். ஆகவே இறக்கம் பலகையில் தெரியாது, உங்கள் படலையில்தான் தெரியும். அதே காலத்தில்தான் குடாநாட்டில் வரட்சியும் உச்சத்தில் இருக்கும். குழைக்குத் தட்டுப்பாடு வந்து, தண்ணீர் குறைந்து, பலரும் ஒரே நேரத்தில் ஆட்டை அவிழ்க்கப் பார்ப்பார்கள். வாங்குபவர் குறைவு, விற்பவர் அதிகம். இந்த நெருக்கடிக்குள் அகப்படாமல் இருப்பதுதான் ஆண்டுத் திட்டத்தின் முதல் வேலை. புலம்பெயர் உறவுகள் வரும் யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் விருந்துகளுக்கு இறைச்சி கேட்கப்படும்தான். ஆனால் திருவிழா தொடங்கியதும் அதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

தீபாவளிக்கு முதல் பத்து நாள் ஆண்டின் மிகப் பெரிய தேவை. அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. கேதார கௌரி விரதம் பிடிக்கும் வீடுகள், விரதம் முடிந்து காப்புக் கட்டும்வரை இறைச்சி எடுக்காது. காப்புக் கட்டிய கையோடு கந்தசஷ்டி ஆறு நாள் தொடங்கிவிடும். ஆகவே தீபாவளிச் சந்தை மிகக் குறுகியது. அதற்குப் பிந்தியவருக்கு அடுத்த கிழமை வாங்க ஆளில்லை. பின்னர் கார்த்திகை, மார்கழியில் பிள்ளையார் பெருங்கதை 21 நாள், திருவெம்பாவை பத்து நாள். நடுவில் நத்தார் வருகிறது. கிறிஸ்தவர் செறிந்து வாழும் குருநகர், பாசையூர், இளவாலை பகுதிகளில் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நல்ல தேவை. தவக்காலத்தில் அதே இடங்களில் மந்தம். மார்கழிக் கடல் குழம்பி மீன் குறையும்போது இறைச்சிக்கும் கோழிக்கும் ஆள் கூடும்.

தை, மாசியில் புல்லும் குழையும் நிறைந்திருக்கும். அவசரமில்லாதவர் விற்கமாட்டார். சித்திரைப் புத்தாண்டு அடுத்த உச்சம். மாரி முடிந்து மூன்று மாதம் பச்சைத் தீனி தின்ற கிடாய் சித்திரைக்குத்தான் அதன் முழு நிறையில் நிற்கும். எங்கள் கணிப்பில் வீட்டு வளர்ப்பாளருக்கு மிகவும் பொருந்தும் சந்தை இதுதான்: தீபாவளி அளவுக்கு நெரிசல் இல்லை, தீனிச் செலவும் குறைவு.

விலை மாற்றத்தை வீட்டிலிருந்தே எப்படித் தொடர்ந்து கவனிப்பது?

ஒரு கொப்பி, கிழமைக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு, மூன்று இடங்களில் ஆட்டிறைச்சி விலையைக் கேட்டு எழுதுங்கள். சுன்னாகம், திருநெல்வேலி, சாவகச்சேரி என்று தூரத்தூர இடங்களாக இருப்பது நல்லது. ஒரே சந்தியிலுள்ள மூன்று கடையும் ஒரே விலையைத்தான் சொல்லும். பக்கத்திலேயே கோழி விலையையும் எழுதுங்கள். கோழி இறங்கி ஆடு ஏறினால் வாங்குபவர்கள் கோழிக்கு மாறுவார்கள். அந்த ஏற்றம் நிலைக்காது.

அதைவிட முக்கியம், அயலில் உண்மையில் விலைப்பட்ட ஆடுகள். "எவ்வளவுக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டால் தொகை மட்டும் வரும். நிறையும் சேர்த்துக் கேளுங்கள். நிறை தெரியாவிட்டால் அந்தத் தொகையால் பயனில்லை. ஒருவர் 45,000க்கு விற்றேன் என்பதும் மற்றவர் 30,000க்கு விற்றேன் என்பதும் ஒரே கிலோ விலையாக இருக்கலாம். இனவிருத்திக்குப் போன கிடாயின் விலையையும் இதில் கலக்க வேண்டாம். நல்ல காது, உயரம், நிறம் உள்ள சமுனாபாரிக் கிடாய் இறைச்சிக் கணக்கில் விலைப்படுவதில்லை. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இறைச்சி வியாபாரிக்குக் காட்ட முன் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முகநூலில் வரும் "விற்பனைக்கு" விலைகள் கேட்கும் விலைகள் மட்டுமே. ஒரு ஆடு மூன்று கிழமையாக அதே படத்தோடு தொங்குகிறது என்றால், அந்த விலைக்கு ஆளில்லை என்பதுதான் அதிலுள்ள தகவல்.

ஒரு வருடம் எழுதினால் உங்கள் ஊரின் ஏற்ற இறக்கம் கண்முன்னே வந்துவிடும்.

இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் கூட வருமா?

இதற்கு ஆசையால் பதில் சொல்லக் கூடாது, கணக்குப் போட வேண்டும். குழையோடு தவிடு, பிண்ணாக்குக் கலவை 250 கிராம் கொடுத்தால் ஒரு கிடாய் நாளுக்கு 70 கிராம் அளவில் ஏறும் என்று வையுங்கள். 30 நாளில் 2.1 கிலோ. கலவை கிலோ 120 ரூபா என்றால் நாளுக்கு 30, மாதத்துக்கு 900.

இன்று 30 கிலோ × 1,130 = 33,900. ஒரு மாதத்தில் விலை அப்படியே நின்றால் 32.1 × 1,130 = 36,273, தீனி கழிய 35,373. இலாபம் 1,473. விலை 1,070க்கு இறங்கினால் 34,347, தீனி கழிய 33,447. ஒரு மாதம் பாடுபட்டு 453 ரூபா நட்டம். விலை 1,200க்கு ஏறினால் 38,520, தீனி கழிய 37,620. இலாபம் 3,720.

கிலோவுக்கு 60 ரூபா இறங்கினாலே ஒரு மாதத் தீனியும் உழைப்பும் போய்விடுகிறது. ஆகவே வைத்திருப்பதா என்பதைத் தீர்மானிப்பது நிறை ஏற்றம் மட்டுமல்ல, அந்த மாதம் நாட்காட்டியில் எங்கே நிற்கிறது என்பதும்தான். ஆனியில் தயாரான கிடாயை ஆடி, ஆவணிக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். புரட்டாசியில் தயாரானதைத் தீபாவளி வரை வைத்திருங்கள்.

கடைசிக் கிழமைகளில் தீனியைக் கூட்டி நிறை ஏற்றலாமா?

படிப்படியாக என்றால் ஆம். புதிய தீனிக்கு ஏழு முதல் பத்து நாள் கொடுத்துப் பழக்குங்கள். விற்பனைக்கு முன் இறந்துபோகும் கிடாய்களில் பல, நோயால் இறந்தவை அல்ல. வீட்டில் மிஞ்சிய சோறு, பொங்கல், புக்கை ஆகியவற்றை ஒரேயடியாகத் தின்றவை. சோறு வயிற்றில் வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, ஆடு விழுந்துவிடும். சாமத்தியச் சடங்கு, கோயில் அன்னதானம் முடிந்த அடுத்த நாள் ஆட்டைக் கட்டி வைத்துக் கவனியுங்கள்.

தவிட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. அதில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. கிடாய்களுக்குச் சிறுநீர்க்கல் அடைக்கும். நலமடித்த (ஆண்மை நீக்கிய) கிடாய்க்கு இது இன்னும் கூட வரும், ஏனென்றால் அதன் சிறுநீர்க்குழாய் ஒடுக்கம். முக்கிக்கொண்டு நின்று சொட்டுச் சொட்டாகப் பெய்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கிளிசரியா, இப்பிலிப்பில், முள்முருக்கு, பூவரசு எனக் குழைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, தண்ணீரும் உப்பும் எப்போதும் வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்பதென்றால் என்ன பார்க்க வேண்டும்?

ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். இலங்கையில் 2024 இல் யூன் 17, 2025 இல் யூன் 7. உள்ளூரில் தேவை சிறிது. ஆனால் மன்னார், புத்தளம் பக்கத்து வியாபாரிகள் சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வருவார்கள். நல்ல கிடாய்க்கு அவர்கள் கொடுக்கும் விலை இறைச்சிக் கணக்கைத் தாண்டும்.

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மரபில் குர்பானிக்கு (பெருநாள் பலிக்கு) ஆடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பல்லைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். முன் கீழ்ப்பல்லில் இரண்டு பெரிதானால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல்லு என்றால் இரண்டு வயதை ஒட்டியது. குருடு, நொண்டி, வருத்தம், எலும்பும் தோலுமான மெலிவு எதுவும் ஆகாது. காதில் ஒரு துண்டு இல்லாமல் போயிருந்தாலும் வாங்கமாட்டார்கள். ஆகவே அடையாளத்துக்கென்று குட்டிகளின் காதை வெட்டிவிடாதீர்கள். அந்த ஒரு வெட்டு இரண்டு வருடம் கழித்து நல்ல விலையைக் கெடுக்கும். நலமடித்தது குறையல்ல.

பங்குக்குக் கிடாய் கேட்கிறார்கள். வியாபாரியைவிட அது நல்லதா?

ஊரில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிடாயை எடுத்து, இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றிலும் சமமாகப் பங்கு போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். இடையில் கடை இல்லாததால் வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு நூறு, நூற்றைம்பது கூட வர இடமிருக்கிறது. பிரச்சினை காசு சேர்வதில்தான். பத்துப் பேரில் ஏழு பேர் தருவார்கள், மூன்று பேர் "பிறகு தாறன்" என்பார்கள், அந்த மூன்று பங்கும் உங்கள் தலையில் விழும். பங்கு சேர்ப்பவர் ஒருவரே முழுத் தொகைக்கும் பொறுப்பு என்று பேசி, கிடாயை அவிழ்க்க முன் காசை எண்ணி வாங்குங்கள். தலை, கால், தோல் யாருக்கு என்பதையும் முதலே பேசுங்கள்.

விற்பனைக்காக வெட்டுவதென்றால் உள்ளூராட்சிச் சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் தேவை. ஒழுங்கு செய்பவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து கிடாய் இருக்கிறது. வியாபாரி பெரிய இரண்டை மட்டும் கேட்கிறார்.

பொறுக்கி எடுக்க விடுவதென்றால் பொறுக்கும் விலை சொல்லுங்கள். 34, 32, 29, 25, 22 கிலோக் கிடாய்கள் என்று வையுங்கள், மொத்தம் 142 கிலோ. ஐந்தையும் 1,100 படி கொடுத்தால் 156,200. முதல் இரண்டையும் எடுத்த பிறகு மிஞ்சிய 76 கிலோவுக்கு 1,000 ரூபாதான் வரும் என்றால் 76,000. குறைந்த 80,200ஐ அந்த 66 கிலோவில் எடுக்க வேண்டும், அதாவது கிலோ 1,215. 1,130 தருகிறேன் என்று அவர் சொல்வது கேட்கக் கூடுதலாகத் தெரிந்தாலும் உங்களுக்கு 5,620 ரூபா நட்டம்.

அச்சாரம் வாங்கலாமா?

வாங்கலாம், எழுத்தோடு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னரே வந்து 2,000 ரூபா வைத்துவிட்டு விலையைப் பிடித்துவைப்பது வழக்கம். விலை ஏறினால் அவருக்கு இலாபம், இறங்கினால் அவர் வரமாட்டார். மொத்தத்தில் கால்வாசிக்குக் குறைந்த அச்சாரத்துக்கு விலையைக் கட்டிப்போட வேண்டாம். துண்டில் நான்கு விடயம் இருக்க வேண்டும்: கிலோ விலை, எடுக்கும் கடைசி நாள், அந்த நாள் தாண்டினால் தீனிச் செலவு நாளுக்கு எவ்வளவு, இடையில் ஆடு செத்தால் நட்டம் யாருக்கு. மொத்தத் தொகையாக இல்லாமல் கிலோ விலையாக எழுதினால் அந்த ஒரு மாதத்தில் ஏறும் நிறை உங்களுடையது.

பூச்சி (குடற்புழு) மருந்து கொடுத்த ஆட்டை எப்போது விற்கலாம்?

ஒவ்வொரு மருந்துக்கும் இறைச்சிக்கு விடவேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும். ஐவர்மெக்ரின் ஊசிக்கு அது ஒரு மாதத்துக்கு மேல் போகும். ஆகவே குடற்புழு மருந்தை விற்பனைக்கு ஆறு, எட்டுக் கிழமை முன்பே முடித்துவிடுங்கள். தின்றது உடம்பில் பிடிப்பதற்கும் அந்தக் காலம் வேண்டும். கீழ் இமையை விரித்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் இரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது, எவ்வளவு பிண்ணாக்கு வைத்தாலும் நிறை ஏறாது. நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஆட்டை "போனால் போகட்டும்" என்று இறைச்சிக்குத் தள்ளுவது பெரும் பாவம். அதைத் தின்னப்போவதும் எங்கள் பிள்ளைகள்தான்.

ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை?

முதல் நாள் இரவுக்குத் தீனியை நிறுத்தி, தண்ணீரை வைத்திருங்கள். நான்கு காலையும் சேர்த்துக் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வழக்கம் ஆட்டுக்குக் கொடுமை. தசையில் இரத்தம் கன்றி அந்தப் பகுதி வெட்டி எறியப்படுவதால் வியாபாரிக்கும் நட்டம்.

வெளி மாவட்டத்துக்கு ஏற்றுவதென்றால் முதலில் உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். சுகாதாரச் சான்றிதழும் கொண்டுசெல்லும் அனுமதியும் இல்லாமல் லொறியில் ஏற்றினால் சோதனைச் சாவடியில் ஆடு நிற்கும், வெயிலில் நிறையும் உயிரும் போகும். கால் வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்று) போன்றவை பரவும் காலத்தில் கால்நடைகளை இடம் மாற்றத் தடை வரும். அந்த நேரம் வெளியூர் வியாபாரி வராததால் உள்ளூர் விலை இறங்கும். அலுவலகத்தோடு தொடர்பு வைத்திருப்பவருக்கு இது சில நாள் முன்பே காதில் விழும்.

ஆட்டுக் களவு கூடிய இடங்களில் வாங்குபவரும் பயப்படுகிறார். ஆட்டின் படம், காதுப்பட்டி இலக்கம், நிறை, விலை, திகதி, வாங்குபவரின் அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட துண்டு ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்திருங்கள்.

தீபாவளிக்கு விலைப்படாமல் மிஞ்சிவிட்டது. என்ன செய்வது?

கந்தசஷ்டிக்குள் விற்க ஓட வேண்டாம், ஆண்டின் மிக மோசமான விலை அப்போதுதான். ஆட்டைத் தொட்டுப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். முழுதாகத் தசை போட்டதை நத்தாருக்குக் கிறிஸ்தவப் பகுதிக் கடைகளில் மார்கழி தொடங்கும்போதே பேசி வையுங்கள். இன்னும் வளர இடமுள்ள, ஒரு வயதுக்குட்பட்ட கிடாயைச் சித்திரைக்கு விடுங்கள். ஆனால் மாரியில் வைத்திருப்பதற்குக் கொட்டில் தகுதியாக இருக்க வேண்டும்: தரையிலிருந்து மூன்று அடி உயர்ந்த பரண், தூவானம் அடிக்காத மறைப்பு, வெயில் பட்டு ஈரம் உலர்ந்த பிறகே மேய விடுதல், மழை தொடங்க முன் ஒரு தடவையும் தை மாதத்தில் ஒரு தடவையும் புழு மருந்து. நனைந்த தரையில் நிற்கும் கிடாய்க்குச் சளியும் கால் அழுகலும் பிடித்து, ஐந்து மாதத்தில் ஏறவேண்டிய நிறை ஒரே மாதத்தில் இறங்கிவிடும். அப்படியொரு கொட்டில் இல்லையென்றால் சஷ்டி முடிந்த முதல் ஞாயிறுக்கு, இரண்டு பேரிடம் விலை கேட்டு விற்றுவிடுங்கள்.